மாத்திரை சாப்பிட்டா புள்ள பெருசாயிடுமா? செக்கானூரணி பக்கத்து அக்காவுக்கு பதில்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்க செக்கானூரணி பக்கத்துல ஒரு கிராமம், நான் சொல்லச் சொல்ல என் மகன்தான் இத டைப் பண்றான். என் மருமக ஆறு மாசம் முழுகாம இருக்கா, வயசு 22, தலைப்பிரசவம். வெள்ளனா நாலு மணிக்கே மல்லிப்பூ பறிக்கப் போயிருவா, ஒரு வரக்காப்பிய குடிச்சிட்டுப் போனா திரும்பி வர ஒம்பது ஒம்பதரை ஆயிரும். போன வாரம் ஹெல்த் சென்டர்ல பாத்ததுல ரத்தம் 8.4 தான் இருக்காம். எடை 44 கிலோ, மாசமாகுறதுக்கு முன்னாடி 41 இருந்தா. நர்ஸம்மா ரொம்ப கோவப்பட்டுட்டாங்க. பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளைன்னு நாங்களும் வாங்கித்தான் குடுக்குறோம், ரத்தம் ஏற மாட்டேங்குது. அந்த மாத்திரைய சாப்பிட்டா குமட்டுது, வெளிக்கி கருப்பா போகுதுன்னு பாதி நாளு அவ சாப்பிடுறதில்ல. நானும் கட்டாயப்படுத்தல, ஏன்னா மாத்திரையும் சத்து மாவும் நெறைய சாப்பிட்டா புள்ள வயித்துக்குள்ள பெருசாயி ஆப்ரேசன்ல கொண்டுபோய் விட்டுரும்னு எங்க பக்கம் எல்லாரும் சொல்றாங்க. நான் மூணு புள்ளைகளையும் கம்பங்கூழ குடிச்சுக்கிட்டு வீட்லயே பெத்தவ. ஆனா என் மகளுக்கு போன வருசம் பொறந்த புள்ள 1.9 கிலோதான் இருந்துச்சு, பெரியாஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டில வச்சிருந்துதான் குடுத்தாங்க. அவ நல்லாத்தான் சாப்பிட்டா. அத நெனச்சாலும் பயமா இருக்கு. இன்னொன்னு, மருமக பச்சரிசிய அள்ளி அள்ளி மென்னுக்கிட்டே இருக்கா, அது எதனால? என்ன குடுக்கணும், எது குடுக்கக் கூடாது, சொல்லுங்க.

பதில்:

அக்கா, வணக்கம். மருமகளுக்காக மாமியார் உக்காந்து இவ்வளவு வெவரமா எழுதியிருக்கீங்க, எடையில இருந்து பச்சரிசி வரைக்கும் ஒன்னு விடாம கவனிச்சிருக்கீங்க, அந்தப் புள்ளைக்கு அதுவே பெரிய பலம். அதனால சுத்தி வளைக்காம மொதல்ல உங்க பயத்துக்கே பதில் சொல்லிடுறேன். இரும்புச்சத்து மாத்திரையால புள்ள பெருசாகாது. சத்து மாவாலயும் ஆகாது. சாப்பாட்ட கொறச்சா பிரசவம் லேசாகும்னு நெனைக்கிறதும் தப்பு, கொறச்சா கஷ்டம்தான் கூடும்.

ஏன்னு கேளுங்க. பிரசவத்துல வழி கெடைக்கணும்னா மொதல்ல எறங்கி வர்றது புள்ளையோட தலை, தலை எறங்கிட்டா உடம்பு பெரும்பாலும் பின்னாலயே வந்துரும். தாய்க்கு சாப்பாடு பத்தலைன்னா வயித்துக்குள்ள இருக்குற புள்ள என்ன பண்ணும்னா, கெடைக்கிற கொஞ்ச ரத்தத்தையும் சத்தையும் மூளைக்கும் இருதயத்துக்கும் அனுப்பிட்டு கை, கால், வயிறு, தொடைன்னு மத்த எடத்துக்கு கொறச்சுக்கும். மூளைய காப்பாத்த அந்த உடம்பு அப்படித்தான் வேல செய்யும். அதனால பட்டினியில வளந்த புள்ள பொறக்குறப்ப தலை ஓரளவு சரியா இருக்கும், உடம்புதான் ஒட்டிப்போய் இருக்கும். நீங்க எது சின்னதாகணும்னு நெனச்சு சாப்பாட்ட கொறைக்கிறீங்களோ அது கடைசியாத்தான் கொறையும், எது தெம்பா இருக்கணுமோ அது மொதல்லயே கொறைஞ்சிரும்.

அது மட்டும் இல்லக்கா. வலி வர்றப்ப கர்ப்பப்பை ஒவ்வொரு தடவையும் இறுகும், இறுகுற அந்த நேரத்துல புள்ளைக்குப் போற ரத்தம் கொஞ்சம் கொறையும், நல்ல தெம்பான புள்ள அத தாங்கிக்கிட்டு அடுத்த வலிக்கு ரெடியாகும். மெலிஞ்சு வளந்த புள்ளைக்கு கையிருப்பு இருக்காது, வலி கூடக் கூட அதோட நெஞ்சுத்துடிப்பு எறங்க ஆரம்பிக்கலாம். அப்படி எறங்குனா நாங்க காத்திருக்க முடியாது, உடனே ஆப்ரேசன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோகணும். ஆப்ரேசனுக்கு பயந்து சோத்த கொறைச்சு, அதாலயே ஆப்ரேசனுக்கு வர்ற புள்ளைகள லேபர் வார்டுல நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மனசு கெடந்து அடிச்சுக்கும், ஏன்னா இது தடுத்திருக்கக் கூடிய விசயம்.

அப்ப புள்ள நெசமாவே அளவுக்கு மீறி பெருசாகுறது எதனாலன்னு கேப்பீங்க. முக்கியமான காரணம் கர்ப்ப காலத்துல வர்ற சக்கரை. தாய் ரத்தத்துல சக்கரை கூடுனா அது அப்படியே புள்ளைக்கும் போகும், புள்ள அத கொழுப்பா சேத்து வச்சுக்கிட்டு 4 கிலோ வரைக்கும் கூட வளந்துரும், தோள்பட்டை மாட்டிக்கும், பொறந்த ஒரு சில மணி நேரத்துல அந்தக் குழந்தைக்கு சக்கரை சட்டுன்னு எறங்கி ஆபத்தாகும். இத கண்டுபிடிக்கிற டெஸ்ட் ரொம்ப சாதாரணம், 75 கிராம் குளுக்கோஸ தண்ணில கரைச்சு குடிக்கச் சொல்லி 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, 140ஓ அதுக்கு மேலயோ இருந்தா சக்கரைன்னு அர்த்தம். வெறும் வயித்தோட போகணும்னு கூட இல்ல. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இத பாக்கணும்னு நம்ம தமிழ்நாட்டுல 2007லயே கொண்டு வந்துட்டாங்க, அதுக்கு பின்னால சென்னை டாக்டர் சேஷய்யா ஐயாவோட பல வருச உழைப்பு இருக்கு. மொதல்ல பதிஞ்சப்ப ஒருதரம் பாத்திருப்பாங்க, 24 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் நடுவுல இன்னொரு தரம் பாக்கணும், உங்க மருமக இப்ப சரியா அந்த நேரத்துலதான் இருக்கா. அடுத்த தடவ போறப்ப மறக்காம கேட்டு எடுத்துருங்க. பெரிய புள்ளைக்கு பயப்படுறவங்க இந்த டெஸ்ட்டத்தான் விடக் கூடாது, ஜிகர்தண்டாவையும் பேக்கரி பலகாரத்தையும்தான் கொறைக்கணும், கீரையையும் முட்டையையும் இல்ல.

சரி, இப்ப அந்த 8.4க்கு வருவோம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்கு மேல இருக்கணும், அதுக்கு கீழ போனாலே ரத்தசோகைதான், 7ல இருந்து 9.9 வரைக்கும் நடுத்தரம், 7க்கு கீழன்னா கடுமை. உங்க மருமக நடுவுல நிக்கிறா. இது உங்க வீட்டுல மட்டும் நடக்குறதுன்னு நெனைக்காதீங்க, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம நாட்டு கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்துச்சு, அதாவது ரெண்டு பேருல ஒருத்தருக்கு மேல. நெறைய பேருக்கு இருக்குங்குறதாலேயே நம்ம பக்கம் இத ஒரு நோயாவே எடுத்துக்குறதில்ல, மாசமா இருந்தா அசதியாத்தான் இருக்கும்னு விட்டுர்றோம், எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

சாதாரண பிரசவத்துலயே 300ல இருந்து 500 மில்லி வரைக்கும் ரத்தம் போகும். 11, 12 இருக்குற பொண்ணு அத தாங்கிக்குவா. 7, 8 வச்சுக்கிட்டு பிரசவத்துக்கு வர்ற பொண்ணுக்கு கொஞ்சம் கூடுதலா போனாலே பிரசர் எறங்கும், கை கால் சில்லிட்டுப் போகும், ரத்தம் ஏத்த ஓடணும். நர்ஸம்மா கோவப்பட்டது இதுக்காகத்தான் இருக்கும், மனசுல வச்சுக்காதீங்க.

புள்ளைக்கு என்ன ஆகும்னு பாருங்க. கடும் ரத்தசோகையும் சாப்பாட்டுக் கொறையும் சேர்ந்தா மாசம் நெறையுறதுக்கு முன்னாடியே பொறக்குற வாய்ப்பு கூடும், எடை 2.5 கிலோவுக்கு கீழ போற வாய்ப்பும் கூடும். உங்க பேரப்புள்ளைய 1.9 கிலோல பாத்திருக்கீங்க, அதனால உங்களுக்கு நான் சொல்றது கண்ணுக்கு முன்னாடியே தெரியும். தொடையில தோல் சுருங்கி மடிஞ்சு தொங்கும், பாதத்த தொட்டா எப்பவும் சில்லுன்னு இருக்கும், நெஞ்சுல போட்டா நாலு தடவ சப்பும், அஞ்சாவது தடவைக்குள்ள தூங்கிப் போகும். உடம்பு சூட்ட காப்பாத்துற கொழுப்பும், பசிச்சா எடுத்துக்குற சக்கரை இருப்பும் கடைசி மாசங்கள்லதான் புள்ளைக்கு சேரும், அது சேராம பொறந்ததாலதான் அந்தக் கண்ணாடிப் பெட்டி. அப்படிப்பட்ட குழந்தைக்கு கிருமித் தொத்தும் சீக்கிரம் வரும். இரும்புச்சத்தும் அப்படித்தான், பொறந்த பெறகு மொத ஆறு மாசத்துக்கு வேண்டிய இரும்ப புள்ள தன் ஈரல்ல சேத்து வச்சுக்கிட்டுத்தான் வெளிய வரும், அதுல பெரும்பங்கு கடைசி மூணு மாசத்துலதான் தாய்கிட்ட இருந்து போகும். தாய்ப்பால்ல இரும்பு கொஞ்சந்தான், அதனால இந்தக் கையிருப்புதான் அந்தக் குழந்தைக்கு சோறு மாதிரி. அது கொறைஞ்சு பொறந்த குழந்தை அஞ்சாறு மாசத்துலயே வெளுக்க ஆரம்பிக்கும், சுறுசுறுப்பு கொறையும், மூளை வேகமா வளர்ற காலத்துல இரும்பு பத்தலைன்னா அதோட தடம் பின்னாடி படிப்பு வரைக்கும் தெரியலாம்.

ஆனா உங்க மக விசயத்துல ஒன்னு சொல்லியே ஆகணும். அந்தப் பொண்ணு நல்லாத்தான் சாப்பிட்டான்னு சொல்றீங்க, நான் நம்புறேன். எடை கொறைஞ்சு பொறக்குறதுக்கு சாப்பாடு மட்டுமே காரணம் கெடையாது, பிரசர் இருந்தா, நஞ்சுக்கொடி சரியா வேல செய்யலைன்னா, யூரின் இன்ஃபெக்சன் இருந்தா, மாசத்துக்கு முன்னாடியே தண்ணிக்குடம் ஒடைஞ்சா, கல்யாணத்துக்கு முன்னாடியே ஒல்லியா இருந்திருந்தா, இப்படி எத்தனையோ இருக்கு. அவளோட டிஸ்சார்ஜ் சீட்ட எடுத்துப் பாத்தா காரணம் போட்டிருப்பாங்க, அடுத்த பிரசவத்துக்கு அது தேவைப்படும், பத்திரமா வையுங்க. நீ சரியா சாப்பிடலன்னு யாரும் அவள ஒரு வார்த்த சொல்ல விட்டுராதீங்க.

மருமகளுக்கு நல்ல சேதி என்னன்னா இன்னும் நேரம் இருக்கு. ஆறு மாசத்துல வயித்துக்குள்ள இருக்குற புள்ள 600, 700 கிராம்தான் இருக்கும். ஏழு மாசம் ஆகுறப்ப ஒரு கிலோ, மாசம் நெறையுறப்ப 3 கிலோ. ஆக ரெண்டு கிலோவுக்கு மேல இனிமேத்தான் ஏறப்போகுது. இப்ப இருந்து பிடிச்சா ரத்தமும் ஏத்தலாம், புள்ளையையும் தேத்தலாம்.

பச்சரிசி மெல்லுறது கெட்ட பழக்கம்னு திட்டாதீங்க, அது அவ உடம்பு குடுக்குற சிக்னல். இரும்புச்சத்து கொறைஞ்சவங்களுக்கு பச்சரிசி, சாம்பல், மண்ணு, சிலேட்டுக்குச்சி, ஐஸ் கட்டி இதையெல்லாம் திங்கணும்னு ஒரு வெறி வரும். ரத்தம் ஏற ஏற பெரும்பாலும் தானா நின்னுரும். ரகசியமா மண்ணோ சாம்பலோ திங்கிறாளான்னு மட்டும் பக்குவமா கேளுங்க, மண்ணுல குடல்புழு வரும்.

அப்புறம் பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை. செவப்பா இருக்குறதால இது ரத்தம் ஊறவைக்கும்னு எல்லாருமே நெனைக்கிறோம், ஆனா பீட்ரூட்லயும் மாதுளையிலயும் 100 கிராமுக்கு 1 மில்லி கிராம் இரும்பு கூட கெடையாது. சாப்பிடட்டும், பழம் நல்லதுதான், ஆனா அதுக்கு குடுக்குற காச முட்டைக்கும் மீனுக்கும் குடுத்தா நல்லாருக்கும். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமா கிட்டத்தட்ட 1000 மில்லி கிராம் இரும்பு கூடுதலா வேணும், புள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் மட்டும் 300. நாம சாப்பிடுற கீரை தானியத்துல இருந்து உடம்பு பத்துல ஒரு பங்கு எடுத்துக்கிட்டாலே பெரிய விசயம். ஏற்கனவே 41 கிலோல ஆரம்பிச்ச பொண்ணுக்கு சாப்பாட்ட மட்டும் வச்சு இத ஈடுகட்டவே முடியாது, அதான் மாத்திரை.

அரசாங்கம் குடுக்குற செவப்பு மாத்திரைல 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோ கிராம் போலிக் ஆசிடும் இருக்கு. ரத்தம் சரியா இருக்குறவங்களுக்கு நாளைக்கு ஒன்னு, உங்க மருமக மாதிரி 8, 9 இருக்குறவங்களுக்கு நாளைக்கு ரெண்டு. அவ சாப்பிட்ட பாதி நாள்லயும் அது ஏன் ஒட்டலைன்னா, காரணம் அந்த வரக்காப்பியாவும் இருக்கலாம். காப்பி, டீ ரெண்டுமே இரும்ப உடம்புல ஏற விடாது, பாலும் கால்சியம் மாத்திரையும் அதே மாதிரி தடுக்கும். நெறைய வீட்டுல எல்லா மாத்திரையையும் ஒன்னா கையில கொட்டி ஒரே வாயில முழுங்கி மேல ஒரு டீய குடிச்சிருவாங்க, அப்படி செஞ்சா சாப்பிட்ட மாத்திரைல பெரும்பங்கு வீணாப் போயிரும்.

நேரத்த இப்படி வச்சுக்கங்க. காலைல டிபனோட கால்சியம், பதினொரு மணி வாக்குல ஒரு இரும்பு மாத்திரை அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணியோட, சாயந்தரம் அஞ்சு மணிக்கு இன்னொரு கால்சியம், ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு படுக்கப் போறப்ப ரெண்டாவது இரும்பு. ராத்திரி போட்டா குமட்டல் தெரியாம தூங்கிருவா. காப்பிய இரும்பு மாத்திரைக்கு முன்ன பின்ன ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு தொடவே வேணாம். வெளிக்கி கருப்பா போறது மாத்திரையோட நெறம், அதுல ஒன்னும் பயமில்ல, ரத்தம் கெட்டுப் போச்சுன்னு சில பேரு பயந்து நிறுத்துறாங்க, புள்ள கருப்பா பொறக்கும்னும் சொல்லுவாங்க, ரெண்டுமே இல்ல. மலச்சிக்கல் வந்தா தண்ணி, கொய்யா, வாழைத்தண்டு, கீரை. அப்படியும் ஒத்துக்கலைன்னா நிறுத்தாம போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க.

ஒரு மாசம் ஒழுங்கா சாப்பிட்ட பெறகு திரும்ப ரத்தம் பாக்கணும், குறைஞ்சது 1 ஏறியிருக்கணும், 8.4 இருந்தது 9.4 ஆகணும். ஏறலைன்னா இரும்பு ஊசி இருக்கு, சலைன்ல கலந்து நரம்புல ஏத்துவாங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசு கெடையாது, அதுக்கு தயங்காதீங்க. ஊசிக்கும் ஏறலைன்னா வேற வகை ரத்தக் கோளாறு இருக்கான்னு பாக்கணும். குடல்புழு மாத்திரை குடுத்தாங்களான்னும் கேளுங்க, அல்பெண்டசோல் 400 மில்லி கிராம் ஒரே ஒரு தடவ, நாலாம் மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள குடுக்குறது. தோட்டத்துல வெறுங்காலோட நிக்கிறவங்களுக்கு கொக்கிப்புழு கால் வழியாவே ஏறும், உள்ள போய் ரத்தத்த குடிக்கும், நாம எவ்வளவு ஊத்துனாலும் ஓட்டப் பானைதான். பூப்பறிக்கப் போறப்ப ஒரு செருப்பு கட்டாயம் போடட்டும்.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன். நீங்க கம்பங்கூழ குடிச்சு மூணு புள்ள பெத்தேன்னு சொன்னீங்களே, அது சரியான சாப்பாடுக்கா! வெள்ளை அரிசியில 100 கிராமுக்கு 1 மில்லி கிராம் இரும்பு கூட இல்ல, கம்புல 6க்கு மேல இருக்கு, கேழ்வரகுல 350 மில்லி கிராமுக்கு கொறையாம கால்சியம் இருக்கு. அதோட கருவாடு, காட்டுக்கீரை, மொச்சை, தட்டப்பயறுன்னு சாப்பிட்டிருப்பீங்க. இப்ப உங்க மருமக சாப்பிடுறது ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் ஊறுகாயும்தான்னா, உங்க காலத்த விட சத்து கொறைஞ்ச சாப்பாட்ட சாப்பிடுறா. உங்க கூழ அவளுக்கும் ஊத்துங்க. ஆனா கூழ் மட்டும் போதாது, கூட பருப்பு, முட்டை, மீன் ஏதாவது வேணும்.

கீரைய மட்டும் ஒரு நாளும் விடாதீங்க. புனே பக்கத்துல கிராமத்து விவசாயக் குடும்பத்து கர்ப்பிணிகள வச்சு ஒரு பெரிய ஆய்வு செஞ்சாங்க, அதுல கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்கு பொறந்த குழந்தைங்க நல்ல வளர்த்தியோட பொறந்திருந்தாங்க, வெறும் சோத்தோட அளவ விட இதுதான் எடுப்பா தெரிஞ்சுச்சு. நம்ம பக்கம் முருங்கை இல்லாத வீடு எது? துவரம்பருப்பு போட்டு வதக்கி கடைசில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க, எலுமிச்சை சேர்ந்தா அந்த இரும்பு உடம்புல நல்லா சேரும். கறி எடுக்குற அன்னைக்கு சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல் வாங்கிக் குடுக்குறது நம்ம மதுரைப் பக்கத்து வழக்கம், அது உண்மையிலேயே நல்ல வழக்கம், நல்லா வேக வச்சுக் குடுங்க. ஈரல் மட்டும் அடிக்கடி வேணாம், எப்பவாச்சும் கொஞ்சம் போதும், அதுல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், கர்ப்பத்துல அது அளவு மீறக் கூடாது. அயிரை மீனு, மத்தி, நெத்திலி எல்லாம் தாராளமா சாப்பிடலாம், சுறா மட்டும் வேணாம், பாதரசம் சேர்ற மீனு அது.

இப்ப அந்த நாலு மணி விசயம். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டவ மறுநாள் ஒம்பதரை வரைக்கும் ஒரு வரக்காப்பியோட நின்னா, பதிமூணு மணி நேரத்துக்கு மேல புள்ளயும் சேர்ந்து பட்டினி. வேலைக்கே போகாதன்னு நான் சுலபமா சொல்லிடலாம், பூ வெல நல்லாருக்குற நாள்ல வீட்டுல இருக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும், மாட்டுத்தாவணிக்கு பூ போய்ச் சேர்ற நேரத்த யாரும் மாத்த முடியாது. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் கேழ்வரகு கஞ்சி இல்லைன்னா அங்கன்வாடில குடுக்குற சத்து மாவ கரைச்ச கஞ்சி குடிச்சிட்டுப் போகட்டும், மடில ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி ஊறவச்ச நெலக்கடலையும் இருக்கட்டும், ஆறரை மணிக்கு உக்காந்து திங்கட்டும். ஏழாவது மாசத்துக்கு மேல குனிஞ்சு நிக்கிறத கொறைச்சுக்கணும். செடிக்கு மருந்தடிக்கிற அன்னைக்கு அந்தப் பக்கமே வேணாம், மல்லிக்கு அடிக்கிற மருந்து சாதாரண மருந்து இல்ல, பூப்பறிச்ச கைய சோப்புப் போட்டு கழுவாம எதையும் வாயில வைக்கக் கூடாது. எட்டாம் மாசம் ஆச்சுன்னா நிறுத்திருங்க, தயவு பண்ணி.

இன்னொன்னு, உங்க வீட்டுல யார் மொதல்ல சாப்பிடுறாங்க, யார் கடைசியா சாப்பிடுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஆம்பளைக சாப்பிட்டு, புள்ளைக சாப்பிட்டு, கடைசில சட்டில இருக்குற குழம்புத் தண்ணிய ஊத்திச் சாப்பிடுற மருமகளுக்கு, மீனு வாங்குனாலும் முள்ளுதான் மிஞ்சும். அத மாத்துற அதிகாரம் வீட்டுல உங்க கிட்டத்தான் இருக்கு, டாக்டரால முடியாது. அவளுக்கு ஒரு தட்டுல மொதல்லயே எடுத்து வச்சிருங்க. ஆஸ்பத்திரில குடுக்குற ஊட்டச்சத்து பெட்டகத்துல மாவு, பேரீச்சை, நெய், இரும்பு டானிக் எல்லாம் இருக்கும், அது முழுசும் அவளுக்கு மட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல மொத்தம் 18,000 ரூபாய், அதுல 14,000 பணமா வரும், 4,000க்கு ரெண்டு பெட்டகம், அதுக்கு கர்ப்பத்த பதிஞ்சா குடுக்குற பிக்மி நம்பர வாங்கிட்டீங்களான்னு மகன்கிட்ட கேளுங்க. அந்தப் பணம் வர்றப்ப அதுல கொஞ்சமாவது முட்டையா பாலா அவ வயித்துக்குப் போகணும்.

மாசத்துக்கு ஒன்னரைல இருந்து 2 கிலோ அவ எடை ஏறணும். ரெண்டு பேருக்கு சாப்பிடுன்னு குடத்த நெரப்புற மாதிரி தள்ள வேணாம், வழக்கமா சாப்பிடுறத விட ஒரு வேள டிபன் அளவுக்கு கூடப் போனா போதும். ஒரே தடவைல முடியாது, வயிறு மேல தள்ளும், அஞ்சாறு தடவையா பிரிச்சுக் குடுங்க. ரேஷன் அரிசில மிதக்குற மணிய பிளாஸ்டிக்னு பொறுக்கி எறியாதீங்க, அது இரும்புச்சத்து, போலிக் ஆசிட், பி12 சேர்த்து செஞ்ச மணி. உப்பு அயோடின் உப்பா இருக்கட்டும், கல்லுப்பு வாங்குறீங்கன்னா பாக்கெட்டுல அயோடின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, புள்ளையோட மூளைக்கு அது வேணும். பப்பாளி நல்லா பழுத்தது சாப்பிடலாம், காய்தான் கூடாது. குங்குமப்பூவால நெறம் வராது, அந்தக் காசுக்கு ரெண்டு மாசத்துக்கு முட்டை வாங்கலாம்.

போலிக் ஆசிட் பத்தி ஒரு விசயம், எனக்கு எப்பவும் மனசுல நிக்கிறது. 1928ல லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து லேடி டாக்டர் பம்பாய்க்கு வந்தாங்க, அங்க பஞ்சாலைல வேல பாத்த ஏழை கர்ப்பிணிகளுக்கு ஒரு மாதிரி கடும் ரத்தசோகை வந்துக்கிட்டு இருந்துச்சு. அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாத்து, ஈஸ்ட்டுல செஞ்ச ஒரு சாதாரண சாப்பாட்டுப் பொருள குடுத்தே அத குணப்படுத்துனாங்க. அதுல இருந்த சத்துதான் பின்னாடி போலிக் ஆசிட்னு தெரிய வந்துச்சு. உங்க மருமக மாதிரி கூலி வேல பாத்த நம்ம நாட்டுப் பொண்ணுங்க மூலமாத்தான் இந்த மாத்திரை உலகத்துக்கே கெடைச்சிருக்கு. புள்ளையோட மூளையும் தண்டுவடமுமா பின்னாடி மாறுற குழாய் கரு உருவாகி 28 நாளுக்குள்ள மூடிரும், அது சரியா மூட போலிக் ஆசிட் வேணும், அப்ப பாதி பேருக்கு மாசமா இருக்கோம்னே தெரியாது. அதனால உங்க மக அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறப்பவே, தங்குறதுக்கு முன்னாடியே போலிக் ஆசிட் ஆரம்பிக்கச் சொல்லுங்க.

பிரசவம் பெரியாஸ்பத்திரி மாதிரி ரத்த வங்கி இருக்குற எடத்துல வச்சுக்கங்க, வீட்டுப் பிரசவம்கிற பேச்சே வேணாம். புள்ள வெளிய வந்ததும் அவசரம் ஒன்னும் இல்லைன்னா தொப்புள்கொடிய ஒன்னுல இருந்து மூணு நிமிசம் பொறுத்து வெட்டுவாங்க, அந்த நேரத்துல நஞ்சுக்கொடில இருக்குற ரத்தம் புள்ளைக்குப் போய் இரும்பு இருப்பு கூடும், ரத்தசோகை உள்ள தாய்க்குப் பொறந்த புள்ளைக்கு இது பெரிய வரம், முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டு வையுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுக்கணும், சேனை தொட்டு வைக்கிறது, சக்கரைத் தண்ணி, கழுதைப்பால் எதுவும் வேணாம். ஒருவேள எடை கொறைஞ்சே பொறந்தாலும் மனச விட்டுராதீங்க, தாயோட நெஞ்சுல தோலோட தோல் ஒட்டி கட்டிக்கிட்டே இருந்தா புள்ளைக்கு சூடும் கெடைக்கும், பாலும் சுரக்கும், எடையும் ஏறும். தாய் அசந்தா நீங்க கட்டிக்கலாம், அப்பாவும் கட்டிக்கலாம். பிரசவத்துக்குப் பெறகு பத்தியம்னு சோத்தையும் தண்ணியையும் கட்டாதீங்க, இரும்பு மாத்திரைய இன்னும் 180 நாள் தொடரணும், கால்சியமும் அப்படித்தான்.

இதுக்கு நடுவுல படுத்தா மூச்சு முட்டுது, நடந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூஞ்சி கை வீங்குது, தலைவலியோட கண்ணு மங்குது, புள்ள அசைவு கொறையுது, ரத்தமோ தண்ணியோ படுதுன்னு எது தெரிஞ்சாலும் விடியட்டும்னு காத்திருக்க வேணாம், 108க்கு போன் பண்ணுங்க. ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாத்ததும் நம்பர் எவ்வளவுன்னு மகன விட்டு எழுதச் சொல்லுங்க, சக்கரை டெஸ்ட்டு ரிசல்ட்டையும் சேத்து அனுப்புங்க, மாத்திரை ஒத்துக்கலைன்னா அதுக்கு முன்னாடியே எழுதுங்க.